திருச்சுழி போகும் வழியிலே

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரையில் போய் வந்த கதையை எழுதப் போகிறோம் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்தார். "அங்கே எழுதுவதற்கு என்ன இருக்கிறது? மலை உண்டா, அருவி உண்டா, கடல் உண்டா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல் காடு. காட்டுக்கு நடுவே கண்மாய். கண்மாயில் பெரும்பாலும் தண்ணீருக்குப் பதில் சீமைக் கருவேலம். மழை என்பது இங்கே பணக்கார உறவினரைப் போன்றது. ஐப்பசியில் வருவதாகச் சொல்லி அனுப்பும், வராமலே இருந்துவிடும். வந்தால் சோளமும் பருத்தியும் மல்லியும் மிளகாயும் விளையும். வராவிட்டால், வெட்டிய கருவேல விறகைக் கரி மூட்டம் போட்டு ஜனங்கள் பிழைப்பார்கள்.

ஆனால் பார்ப்பதற்கு மனிதர்கள் இருக்கிறார்கள். பிழைப்பின் நிமித்தம் பத்து வருஷங்களாக இந்தச் சீமையில் வாத்தியார் வேலை பார்த்து வரும் நமக்கு அவர்களைப் பார்ப்பதில் ஒரு நாளும் அலுப்புத் தட்டியதில்லை. ஏனென்றால் அவர்களில் அநேகமாக எல்லோருமே எங்கிருந்தோ வந்தவர்கள்.

அருப்புக்கோட்டையின் நெசவாளர் தெருக்களில் நடந்தால் இது காதிலேயே விழும். வீட்டுக்கு வீடு தறியின் ஓசை. அந்த ஓசைக்கு இடையில் வீட்டுக்குள்ளே பேசுகிற பாஷை தமிழாக இருக்கும் என்று நிச்சயமில்லை. சௌடாம்பிகை அம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட தேவாங்கர் கன்னடமும் தெலுங்கும் பேசுவார்கள். விஜயநகர காலத்திலும் நாயக்கர் காலத்திலும் வடக்கேயிருந்து படிப்படியாக வந்து சேர்ந்தவர்களின் சந்ததி இவர்கள். கரிசல் காட்டில் ஏர் பிடிக்கும் ரெட்டியார், நாயக்கர் வீடுகளிலும் தெலுங்குதான். வாசற்படி தாண்டினால் எல்லோருக்கும் சுத்தமான அருப்புக்கோட்டைத் தமிழ். நமக்குப் பழக்கமான முதிய நெசவாளர் ஒருவரிடம், "உங்கள் சொந்த ஊர் எது?" என்று ஒரு முறை கேட்டோம். தறியை நிறுத்தாமலே, "இந்தத் தறிக் குழிதான்" என்றார்.

கடைத் தெருவுக்கு வந்தால் வேறொரு வரவு. தெற்கேயிருந்து மாட்டு வண்டியில் சரக்கு ஏற்றி வந்த நாடார்கள், சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் பேட்டை அமைத்துத் தங்கினார்கள். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று ஒதுக்கி, உறவின்முறையின் பொதுப் பணமாக்கி, கிணறும் கோவிலும் பள்ளிக்கூடமும் கட்டிக் கொண்டார்கள். இன்று இந்த ஊர்களை அவர்கள் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா?

ஆனால் அவர்களுக்கு இடம் கிடைத்த கதை வேறு, வாய் கிடைத்த கதை வேறு. 1897ஆம் வருஷம் மே மாதம் நாடார்கள் சிலர், இங்கிருந்து கிழக்கே உள்ள கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். கோவிலின் பரம்பரை தர்மகர்த்தாவான ராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதியின் தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. சுவாமி விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகும்படி ஊக்கிய அதே சேதுபதிதான். பெரிய மனிதர்களும் ஊர் வழக்கத்தின் கைதிகளாக இருந்த காலம் அது. 1899ல் நாடார்கள் மதுரைக் கோர்ட்டில் தோற்றார்கள். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் சிவகாசி சூறையாடப்பட்டது. பிறகு சென்னை ஹைக்கோர்ட்டிலும் தோற்றார்கள். 1908ல் லண்டன் பிரிவி கௌன்ஸிலிலும் தோற்றார்கள். அதற்கு முப்பத்தொரு வருஷங்கள் கழித்து, 1939 ஜூலை 8ந் தேதி, மதுரை வைத்தியநாத ஐயர் ஹரிஜனங்களையும் நாடார் ஒருவரையும் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் அழைத்துச் சென்ற பிறகே சட்டம் அசைந்தது. கடை வைக்கலாம், வரி கட்டலாம், பஞ்சம் வந்தால் கடனும் கொடுக்கலாம். உரிமை என்று மட்டும் பேசக் கூடாது. கமுதி வழக்கின் சாரம் அதுதான்.

இது பழங்கதை என்று எண்ணிக் கொண்டுதான் அன்று திருச்சுழி பஸ்ஸில் ஏறினோம்.

* * *

பஸ்ஸில் நல்ல கூட்டம். நமக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர், மடியில் மிளகாய் வற்றல் பையுடன் உட்கார்ந்திருந்தார். வழியில் இரண்டு இளைஞர்கள் ஏறினார்கள். சட்டையெல்லாம் வெள்ளையும் நீலமுமாகச் சாயத் துளிகள். கையில் பெயிண்ட் வாளி. வீடுகளுக்கு வர்ணம் பூசும் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுடைய பேச்சைக் கேட்டதும், இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்துவிட்டது. பெரியவர் உடனே நகர்ந்து, "உக்காருங்க தம்பி, வெயில்ல வேலை செஞ்சு வர்றீக" என்று ஒருவனுக்கு இடம் கொடுத்தார். அவர் குரலில் இருந்த பரிவு பொய்யானது அல்ல.

சற்று நேரத்தில் அந்த இளைஞன், "அண்ணை, மிச்சக் காசு தரேல்லை" என்று கண்டக்டரிடம் கேட்டான். கண்டக்டர் காதில் போட்டுக் கொள்ளவில்லை. இரண்டாம் முறை கேட்டான். மூன்றாம் முறை சற்று உரக்கக் கேட்டான். சில்லறை வந்தது, கூடவே இரண்டு கடுஞ் சொல்லும் வந்தது. இளைஞர்கள் ஒன்றும் பேசாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்கள்.

பெரியவர் நம் பக்கம் திரும்பினார். "பாவம், உசுருக்குப் பயந்து வந்த சனம். நாமதான் இடங் குடுக்கணும். ஆனா வந்த எடத்துல வாய் ஆகாது, வாத்தியாரையா. என்ன நான் சொல்றது?"

"கேட்டது தம்முடைய பாக்கிச் சில்லறையைத்தானே, பெரியவரே?" என்றோம்.

"சில்லறைதான். இருந்தாலும்..." என்று இழுத்தார்.

அந்த 'இருந்தாலும்' நம் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. நாமும் வந்தவர்தான், தஞ்சாவூர் ஜில்லாக்காரர். ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் நாம் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. வந்தவனுக்கு வாய் எதற்கு என்று நம்மை ஒருவரும் கேட்டதில்லை.

பெரியவரிடம் பாரதியாரைப் பற்றிப் பேசினோம். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் தெற்கே போனால் அவர் பிறந்த எட்டயபுரம். 1908ல் 'இந்தியா' பத்திரிகைமீது சர்க்காரின் கை விழுந்து, சட்டப்படி ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்தவர் கைதானபோது, பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தார். அதாவது, எழுதியதற்காக ஊரை விட்டு ஓடிய ஓர் அகதி ஆனார். பத்து வருஷங்கள் அங்கேயே இருந்தார். புதுச்சேரி மக்கள் அவருக்கு வீடு கொடுத்தார்கள், அதோடு நின்றுவிடவில்லை. 'இந்தியா' பத்திரிகையை அங்கிருந்தே நடத்தவும் முடிந்தது. 'தங்க இடம் கொடுக்கிறோம், பேனாவை மட்டும் எல்லையில் வைத்துவிட்டு வாரும்' என்று அந்த ஊர் சொல்லியிருந்தால் நம்முடைய தமிழுக்கு எவ்வளவு நஷ்டம்! அவர் இறந்து ஏழு வருஷங்கள் ஆன பிறகும், 1928ல், சென்னை சர்க்கார் அவருடைய பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. தமிழ்நாடு கொதித்தது. வாய்க்குப் பூட்டுப் போடுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று அன்று நமக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"அது சரி. அவுக நம்ம ஆளு" என்றார் பெரியவர்.

* * *

அவருடைய ஊர் திருச்சுழிக்கு அப்பால். பேச்சு மெல்ல அவருடைய தகப்பனாரின் காலத்துக்குப் போயிற்று. "எங்க அய்யா ராத்திரியானா ஸ்டேஷன்ல போய்ப் படுத்தவரு. ரேகைச் சட்டம்" என்றார்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் இந்தச் சீமையில் ரேகைச் சட்டம் என்பார்கள். 1871ல் வட இந்தியாவில் பிறந்து, 1911க்குப் பிறகு சென்னை ராஜதானிக்கும் வந்தது. கள்ளர், மறவர் முதலிய குலங்களின் மேல் அது விழுந்தது. குற்றம் ஒன்றும் செய்யாதவனும், அந்தக் குலத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காகக் கைரேகை பதிய வேண்டும். அழைத்தபோது ஆஜராக வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ந் தேதி துப்பாக்கி பேசியது. அந்தச் சட்டத்தை எதிர்த்து மேடை ஏறிய முத்துராமலிங்கத் தேவருக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் போடப்பட்டது. 1947ல்தான் ரேகைச் சட்டம் சென்னை ராஜதானியில் ஒழிந்தது. வாய் பூட்டப்பட்ட அதே தேவரை, 1962ல் அருப்புக்கோட்டைத் தொகுதி டில்லிப் பாராளுமன்றத்துக்கே தேர்ந்தெடுத்தது.

"பெரியவரே, சற்று முன் இறங்கிப் போன பையன்களுக்கும் அப்படி ஒன்று உண்டு" என்று சொன்னோம். "குறித்த நாளில் முகாமில் வந்து நின்று கணக்குக் கொடுக்க வேண்டும். 'செக்கிங்' என்பார்கள். முகாமை விட்டு வெளியூர் போய்த் தங்குவதென்றால் அனுமதி வேண்டும்."

அவர் நெடுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "இவுகளுக்கும் ரேகையா?" என்று மெதுவாகக் கேட்டார். அதற்கு மேல் திருச்சுழி வரும் வரையில் அவர் பேசவில்லை.

நேயர்களுக்கு இந்த விஷயத்தைச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். இலங்கையில் 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் வந்தது. 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. சாம்பலானவை ஏறக்குறைய 97,000 நூல்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகு படகாக ஜனங்கள் இங்கே வந்து இறங்கினார்கள். திரும்பிப் போனவர் போக, 2021ஆம் வருஷக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள். நம் விருதுநகர் மாவட்டத்திலும் மல்லாங்கிணறு, குல்லூர்சந்தை போன்ற இடங்களில் முகாம்கள் உண்டு. 1991ல் ஸ்ரீபெரும்புதூரில் நேர்ந்த கொடுமைக்குப் பிறகு முகாம்களின் மேல் காவல் இறுகியது. அன்று அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு இந்த மண்ணிலே பிறந்து, இந்தப் பள்ளிக்கூடங்களிலே ஆத்திசூடி படித்த பிள்ளைகள் செய்த குற்றம் என்ன?

தமிழக சர்க்கார் இவர்களுக்குப் பணமும் அரிசியும் கொடுக்கிறது. புது வீடுகள் கட்டித் தருகிறது. 2021ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல காரியம். ஆயினும் பிரஜா உரிமை டில்லியின் கையில் இருக்கிறது. 2019ல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தானம் ஆகிய தேசங்களிலிருந்து வந்த சில மதத்தினருக்கு இடம் உண்டு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இல்லை. 2025 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை விசாரித்த சுப்ரீம் கோர்ட்டு, உலகத்து அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா ஒரு தர்மசத்திரம் அல்ல என்ற கருத்தைத் தெரிவித்தது. சேதுவுக்குப் போகும் யாத்திரிகர்களுக்காகச் சாலை நெடுகச் சத்திரம் கட்டிய சீமையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தபோது நமக்கு என்னவோ போல் இருந்தது.

* * *

இவ்வளவும் சொல்லிவிட்டு, பெரியவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் தப்பித்துக் கொள்வது தர்மம் அல்ல. நம் குற்றத்தையும் சொல்ல வேண்டும்.

நாம் பாடம் சொல்லும் பள்ளியில் சென்ற குடியரசு தினத்தன்று பேச்சுப் போட்டி நடந்தது. தலைப்பு: 'குடியரசும் பேச்சுரிமையும்'. முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி பேச்சை எழுதிக் கொண்டு வந்து நம்மிடம் காட்டினாள். அழகான கையெழுத்து, அதைவிட அழகான தமிழ். அவளுடைய பூட்டனார் இதே ராமநாதபுரம் சீமையிலிருந்து மண்டபம் வழியாகக் கப்பலேறி இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர். 1948ல் அந்நாட்டுச் சட்டம் தோட்டத் தமிழர்களின் பிரஜா உரிமையைப் பறித்தது. பிறகு வவுனியா, பிறகு கலவரம், பிறகு படகு. அவளுடைய தாயார் 1988ல் இங்கே முகாமில் பிறந்தவர். இந்திய மண்ணில் பிறந்ததாலேயே பிரஜையாகும் உரிமை 1987 ஜூலை 1ந் தேதிக்கு முன் பிறந்தவர்களோடு நின்றுவிட்டது. 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி அந்த விதியைக் கொண்டு கோர்ட்டில் வென்று, 2024ஆம் வருஷத் தேர்தலில் வாக்கும் அளித்தார். நம் மாணவியின் தாயார் சுமார் ஒரு வருஷம் தாமதித்துப் பிறந்துவிட்டார்!

அந்தப் பெண்ணின் பேச்சில் நாம் இரண்டு வாக்கியங்களைச் சிவப்பு மசியால் அடித்தோம். "இதெல்லாம் வேண்டாம், அம்மா. பின்னால் உனக்குத்தான் சங்கடம்" என்றோம். அவள், "சரி, ஸார்" என்றாள். மிச்சத்தை மேடையில் கணீரென்று பேசினாள். எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாம் பரிசும் கிடைத்தது. அடித்த வாக்கியங்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த இடத்தில் வாய் ஆகாது என்ற பாடத்தை, சம்பளம் வாங்கிக் கொண்டு, நாமே கற்றுக் கொடுத்திருக்கிறோம்.

பிறகு ஒரு நாள் அரசியல் சாசனத்தை எடுத்துப் புரட்டினோம். உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் காப்புத் தரும் 21ஆவது ஷரத்து 'எந்த மனிதருக்கும்' உரியது. வந்தவர், இருந்தவர் என்ற பேதம் அதில் இல்லை. சட்டத்தின் முன் சமத்துவம் தரும் 14ஆவது ஷரத்தும் அப்படியே. ஆனால் பேச்சுரிமை தரும் 19ஆவது ஷரத்து, 'எல்லாப் பிரஜைகளுக்கும்' என்று ஆரம்பிக்கிறது. பஸ்ஸில் பெரியவர் சொன்னதற்கும் சாசனத்தின் இந்த வரிக்கும் அதிக தூரம் இல்லை என்று கண்டு திடுக்கிட்டோம். உயிரை வைத்துக் கொள்ளலாம். அந்த உயிருக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் உரிமை இல்லை.

வந்தவர்கள் சொல்வதெல்லாம் சரி என்று நாம் வாதிக்கவில்லை. இருப்பவர்கள் சொல்வதெல்லாம் சரியா? வாய் திறந்தால்தானே சரி எது, தப்பு எது என்று தெரியும்?

* * *

திருச்சுழியில் பெரியவர் நம்மிடம் சொல்லிக் கொண்டு இறங்கினார். நாம் குண்டாற்றங்கரையில் இருக்கும் பூமிநாதர் கோவிலுக்குப் போனோம். சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய தலம். அம்பிகைக்குத் துணைமாலை என்று பெயர். பிரளய வெள்ளம் உலகத்தை விழுங்க வந்தபோது, ஈசுவரன் சூலத்தால் பூமியில் குத்தி, அந்த வெள்ளம் சுழித்து உள்ளே இறங்கும்படி செய்தார் என்பது புராணம். சுழி என்ற பெயர் அதனால் வந்தது. மழையே காணாத சீமைக்கு வெள்ளத்தின் கதை! தப்பிப் பிழைத்தவர்கள் நிற்க இடம் கொடுத்த ஊர் என்று நாம் பொருள் செய்து கொண்டோம்.

கோவிலுக்கு அருகில், ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30ந் தேதி பிறந்த இல்லம். இன்று சுந்தர மந்திரம் என்ற பெயருடன் விளங்குகிறது. தகப்பனார் சுந்தரம் ஐயர் இந்த ஊரில் வக்கீல் தொழில் செய்தவர். வீட்டில் ஒரு பாதியை விருந்தினருக்கென்றே வைத்திருந்தவர். பிள்ளையோ பதினாறு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் திருவண்ணாமலைக்குப் போய், அந்த ஊரில் யார் என்றே தெரியாத அந்நியராக உட்கார்ந்தார். மௌனமே மேலான உபதேசம் என்று உலகத்துக்குக் காட்டினார்.

அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஓர் எண்ணம் தோன்றியது. பேசாமல் இருப்பது ரமணருக்குத் தவம். ஏனென்றால் அவர் விரும்பியபோது பேசலாம், பேசினார். நம் மாணவியின் மௌனம் தவம் அல்ல. அவளுடைய வாக்கியங்களை அடித்தது அவள் கை அல்ல.

திரும்பி வந்ததும் அவளைக் கூப்பிட்டு, செய்தது தப்பு என்று சொன்னோம். அந்த இரண்டு வாக்கியங்களையும் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டோம். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிச் சம்மதித்தாள். அவை இவை:

"அங்கே எங்களை இந்தியர் என்றார்கள், இங்கே எங்களை இலங்கையர் என்கிறார்கள். பேச்சுரிமையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டா என்று எங்கள் ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்."

ஆசிரியரின் பதில் தாமதமாக வருகிறது. சாசனத்தின் 19ஆவது ஷரத்தைத் திருத்தப் பாராளுமன்றம் வேண்டும், அம்மா; அது நம் கையில் இல்லை. சிவப்பு மசிப் புட்டியை மூடி வைப்பதற்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை. அடுத்த ஜனவரி 26ந் தேதி உன் பேச்சை முழுவதும் பேசு. முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறோம்.